ஜித்ராக்காரியின் மாட்யூல்

தர்மலிங்கத்துக்குப் பொறாமை வந்தது ஒரு மாட்யூலைப் பார்த்து. பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியபோது அவருக்கு வரவில்லை. தம்பி மாடி வீடு கட்டியபோதும் வரவில்லை. "எனக்கு வயிறு எரியிற பழக்கமே இல்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே நாற்பத்தைந்து வயதைத் தொட்டுவிட்டார். அத்தனை வருஷம் சேர்த்துவைத்த எரிச்சலும் ஒரே இடத்தில் போய் விழுந்தது.

கெடா மாநிலத்தில் பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியபோது குடும்பம் சுங்கைப் பட்டாணி நகரத்துக்கு வந்தது. இப்போது ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆபீஸில் கணினிப் பிரிவில் வேலை. யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று கணக்குப் போடும் நிரல் அவர் பொறுப்பு. வீட்டுக்கு வந்தாலும் மனிதருக்குப் பொழுதுபோக்கு அதுவேதான்.

வெளிநாட்டில் சிலர் சேர்ந்து கணினிக்கு ஒரு புது நிரல்மொழி உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள்ளேயே இரண்டு தடவை அதன் பேர் மாறிவிட்டதால் நாம் புது மொழி என்றே சொல்லிக்கொள்வோம். வளர்கிற மொழி அல்லவா, அதன் விதிகளும் மாதத்துக்கு ஒரு மாதிரி மாறும். அதில் நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. ஒருவர் செய்த சிறு பகுதியைப் பொதுக் கிடங்கில் போட்டுவைத்தால், மற்றவர் எடுத்துத் தம் நிரலில் பொருத்திக்கொள்ளலாம். அந்தப் பகுதிக்குத்தான் மாட்யூல் என்று பேர்.

தர்மலிங்கம் போட்டுவைத்தது நாள் கணக்கு மாட்யூல். தேதியைக் கொடுத்தால் அது வேலை நாளா, ஓய்வு நாளா என்று சொல்லும். எங்கெங்கோ இருந்தவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஜப்பானிலிருந்து ஒருவர் நன்றி சொல்லி எழுதியதை மனைவி புஷ்பவள்ளிக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார். அவளும் முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டாள்.

பிறகு கொரோனாவுக்காக நாட்டில் அவசரகாலம் அறிவித்த ஆண்டு வந்தது. மாவட்டம் தாண்டிப் போக முடியாது, வழியெல்லாம் ரோட் பிளாக். ஆபீஸ் வேலை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் கிடங்கில் இன்னொரு நாள் கணக்கு மாட்யூல் முளைத்தது. எழுதியவர் பேர் கரீமா. ஊர் ஜித்ரா.

ஜெர்மனிக்காரன் எழுதியிருந்தால் தர்மலிங்கம் தாராளமாகப் பாராட்டியிருப்பார். இது அதே கெடாவில், தலைக்கு மேலே இருக்கிற ஜித்ரா. அவர் பொலிடெக்னிக் படித்த ஊர். முப்பது வயதுகூட ஆகாத பெண். அவளுடைய அப்பா மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். பார்சல் மட்டும்தான் என்று ஆனபிறகு கல்லாவில் உட்கார்ந்துகொண்டே இதை எழுதினேன் என்று அவளே வேடிக்கையாகக் குறிப்புப் போட்டிருந்தாள். அதைப் படித்தவர்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். தர்மலிங்கத்தின் இணையப் பக்கத்தில் இதுவரை ஒருவர்கூடச் சிரித்ததில்லை.

சில வாரத்திலேயே அவளுடையதை எடுத்தவர்கள் தொகை அவருடையதைத் தாண்டிவிட்டது. ஜப்பான்காரரும் அந்தப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து இன்னோர் அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் புது மொழியின் முதல் முழுப் பதிப்பு வெளியாகும். கிடங்கில் கண்டபடி குவிந்துகிடப்பதை ஒழுங்குபடுத்தி, ஒரு வேலைக்கு ஒரு மாட்யூல் என்று பொறுக்கியெடுத்து, மொழியோடேயே சேர்த்து அனுப்பப்போகிறார்கள். நாள் கணக்குக்கும் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று தம்முடையதாக இருக்க வேண்டும் என்று தர்மலிங்கம் துடித்தார். அப்பா காலமெல்லாம் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கிய தோட்டத்தில் அவர் பேரை எந்தப் பலகையிலும் யாரும் எழுதவில்லை. மகன் பேராவது உலகத்தில் ஓரிடத்தில் நிற்கட்டுமே என்று அவருக்கு ஆசை.

ஆசைப்பட்டவர் தம் மாட்யூலைத் திறந்து மெருகேற்றினாரா என்றால் அதுதான் இல்லை. காலைக் காப்பியோடு கரீமாவின் நிரலைத் திறந்துவைத்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் வரி வரியாகப் படித்தார். குறை கண்டால் உடனே கிடங்கில் எழுதிப் போட்டார். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை இருக்கும், உள்ளே விஷம் இருக்கும். அவள் அன்றே திருத்திவிட்டு "நன்றி அண்ணே" என்று பதில் போடுவாள். அந்த நன்றி அவருக்கு இன்னும் எரிந்தது.

புஷ்பவள்ளி ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஒங்களுத என்னைக்காச்சும் இப்படி உக்காந்து படிச்சிருக்கீங்களா?"

"என்னுது நல்லாத்தான் இருக்கு" என்றார் தர்மலிங்கம், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

ஜூலையில் அவர் காத்திருந்தது கிடைத்தது. கரீமாவின் மாட்யூல் ஞாயிற்றுக்கிழமையை வேலை நாள் என்கிறது, வெள்ளிக்கிழமையை ஓய்வு நாள் என்கிறது என்று நோர்வேக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். அவரவர் நாட்டு ஓய்வு நாளைச் சொல்லிவிட்டால் ஒழுங்காகக் கணக்குப் போடும், சொல்லாமல் விட்டால் அதுவாகவே வெள்ளி, சனி என்று எடுத்துக்கொள்ளும். கெடாவில் பள்ளிக்கூடமும் அரசாங்க ஆபீஸும் மூடுவது அந்த இரண்டு நாளில்தானே. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அதுதான் உலகம்.

தர்மலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்று தேநீரை அவரே கலக்கினார், புஷ்பவள்ளிக்கும் சேர்த்து. பிறகு மாட்யூலைப் பொறுக்கியெடுக்கும் தேர்வாளர்கள் படிக்கிற பொதுப் பக்கத்தில் நீளமாக எழுதினார். உலகத்தில் பாதிக்கு மேல் ஞாயிறு விடுமுறை என்பதுகூடத் தெரியாதவர்கள் நாள் கணக்கு எழுத வரலாமா என்று முடித்திருந்தார். எழுதியதைத் தாமே பலமுறை படித்து ரசித்தார்.

சாயங்காலம் போன் வந்தது. அவள் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, கரீமா பேசுறேன், ஜித்ராலேர்ந்து. நீங்க எழுதினது சரிதான், திருத்திட்டேன். ஆனா ஒங்க மாட்யூல்லயும் நாள் சொல்லாம விட்டா வெள்ளி சனிதான் லா இருக்கு. அங்க எழுதினா எல்லாரும் பாப்பாங்க. அதான் போன் பண்ணேன்."

போனை வைத்தார். ஓடிப்போய்த் தம்முடையதைத் திறந்தார். வெள்ளி, சனி. பிள்ளையாக இருந்த நாள்முதல் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கும் பிறகு வேலைக்கும் போன மனிதருக்கு அது கண்ணில் படவே இல்லை. அவசரமாகத் திருத்தி ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை. திரை நிறையப் பிழைச்செய்தி வந்தது. இடைப்பட்ட மாதங்களில் மொழி மாறிவிட்டது, அவருடைய மாட்யூல் பழைய விதியிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கரீமா தன்னுடையதை எப்படி மாற்றினாள் என்பது மட்டும் அவருக்கு மனப்பாடம்.

அவள் அதைப் பொதுவில் எழுதி மானத்தை வாங்கியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் அவள் கொடுக்கவில்லை.

அவசரகாலம் முடிந்த ஆகஸ்டில் முடிவும் வந்தது. கரீமாவின் மாட்யூல் மொழியோடு சேர்ந்தது, தர்மலிங்கத்தினுடையது பழையவை என்ற மூலைக்குப் போனது. சேர்த்த மாட்யூல் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பராமரிக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆள் யார் என்று அவளைக் கேட்டார்கள். அவள் தர்மலிங்கத்தின் பேரைச் சொன்னாள். இதை அவரைப்போல ஊன்றிப் படித்தவர் வேறு யாருமில்லை, வந்த குறைகளில் பெரும்பாலானவை அவர் கண்டுபிடித்தவை என்று எழுதினாள். தேர்வாளர்கள் ஒருமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

"பேருதானே வேணும்னீங்க, சேருங்களேன்" என்றாள் புஷ்பவள்ளி. முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டுச் சேர்ந்தார். மாட்யூலின் இணையப் பக்கத்தில் பேர் வந்தது. கரீமா முதலில், தர்மலிங்கம் அதற்குக் கீழே.

அதை ஒரு வாரம் பார்த்தார். அதற்குமேல் தாங்கவில்லை. எல்லா மாட்யூலிலும் பேர்களை ஆங்கில எழுத்துவரிசைப்படி போட்டால் ஒழுங்காக இருக்கும் என்று ஒரு யோசனை எழுதி அனுப்பினார். அந்த வரிசையில் 'டி'யில் தொடங்கும் தர்மலிங்கம் 'கே'யில் தொடங்கும் கரீமாவுக்கு முன்னால் வரும் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை.

முதல் ஆதரவு அன்றைக்கே வந்தது. "நல்ல யோசனை அண்ணே" என்று எழுதியிருந்தாள் கரீமா.

இப்போது அந்தப் பக்கத்தில் அவர் பேர்தான் முதலில் இருக்கிறது. திறந்து பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிகிறது.