சாமான் கோச்சி திரும்பி வந்த நாள்

வேலி பிரித்தால் பழைய பனையோலையைத் தோட்டத்தில் குழி வெட்டித் தாழ்ப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். மண்ணுக்கு அதைவிட நல்ல பசளை இல்லை. தெற்கில் நடந்த கலவரத்துக்கு அடுத்த வருடம், சோளகக் காற்று வீசும் கோடையில், எனக்குத்தான் அந்தப் பொறுமை இல்லாமல் போனது. "இஞ்சாருங்கோ, உது முழுக்கக் கறையான். உதைத் தாட்டு ஆர் முறியிறது? கொளுத்திவிடுங்கோ" என்றேன். என் கணவர் நெருப்புப் பெட்டியை எடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சுன்னாகம் ஸ்டேஷனுக்குப் போகும் தண்டவாளம் இருப்பது இருவருக்கும் தெரியாததல்ல.

காய்ந்த புல்லில் நெருப்பு ஓடியது. மதகடியில் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் இரண்டு நாள் புகைந்தன. அந்தப் பாதையில் கோச்சி ஓட்டமே நின்றுபோனது. யாரோ வேண்டுமென்று வைத்த நெருப்பு என்று ஊர் கதைத்தது. நாங்கள் வாய் திறக்கவில்லை. பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி பயம், மீதி வெட்கங்கெட்டதனம்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணை நெருப்புக்கு முதல் நாள்தான் தன் வெங்காயம் முழுவதையும் சாக்கில் கட்டி ஸ்டேஷன் தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்தார். கலவரப் பயத்தில் கொழும்புக்கு லொறி ஓட்ட அப்போது எவரும் துணியவில்லை. நாளைக்குக் கோச்சி வரும், நாளைக்கு வரும் என்று அங்கே சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவரும் நம்பிக்கொண்டே இருந்தார். மூன்று கிழமை கழிந்தபோது சாக்குகளிலிருந்து தண்ணீர் வடிந்தது. நாற்றம் எங்கள் முற்றம்வரை வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், இறங்கியது.

இதற்கிடையில் எங்கள் வெங்காயம் நிலத்தில் நிதானமாக முற்றியது. கிண்டிக் காயவிட்டுச் சாக்கில் கட்டி முடிக்கவும் பாதை திருத்தி முடியவும் சரியாக இருந்தது. கொழும்புச் சந்தையில் வேறு வெங்காயம் இல்லாததால் வியாபாரி வீடு தேடி வந்தார்.

முதல் சாமான் கோச்சி கூவிக்கொண்டு வந்தபோது பார்க்க நின்ற சனம் கைதட்டியது. எங்கள் மூட்டைகளைப் பெட்டியில் ஏற்ற ஆள் போதவில்லை. அண்ணை சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கேளாமலே வந்து ஒரு மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"உங்கடையாவது பழுதாகாமல் போய்ச் சேரட்டும்" என்றார். தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "அந்த நெருப்பு வைச்சவன் மட்டும் என்ரை கண்ணிலை படட்டும்."

"ஓம் அண்ணை" என்றார் என் கணவர். "மற்றதைப் பிடியுங்கோ."

நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

"உனக்குப் புண்ணியம் கிடைக்கும், பிள்ளை" என்றார்.