கணப்புக்குப் பக்கத்து இடம்

லோத்தாவின் நிலக்கரிச் சுரங்கங்களை மூடி வருடக்கணக்காகியும் ஊரில் யாரும் மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. வெடிச் சத்தத்தில் காது போன கிழவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். நெல்டா சாயெஸின் அப்பாவும் அப்படித்தான். அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதே கிடையாது; அம்மா பின்னால் போய்த் தோளைத் தொடுவாள். அந்த வீட்டில் வளர்ந்தவள்தான் பின்னாளில் ஊர் மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் உட்கார்ந்து, நோயாளிகளின் காத்திருப்பு நேரத்தை அளக்க ஒரு முறையை வகுத்தாள்.

நல்ல எண்ணத்தில்தான் வகுத்தாள். விடியுமுன் வந்து மத்தியானம் வரை நின்று கால் கடுத்த சனம் அது. பெயர் பதிந்த அரை மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிட்டால் சுவர்ப் பலகையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. வருடம் முழுக்கப் பச்சை எரிந்தால் எல்லோருக்கும் ஊக்கத்தொகை. பெயரைப் பதிந்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் கணக்கைக் கெடுத்தார்கள் என்று ஒரு விதியும் சேர்த்தாள். மூன்று முறை கூப்பிட்டும் எழுந்து வராதவர் ‘வரவில்லை’. அவர் கணக்கில் சேர்த்தி இல்லை. அதை எழுதும்போது அவளுக்கு அப்பா ஞாபகமே வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் காது போன பழைய சுரங்கக்காரர் ஒனோஃப்ரே கார்ரியோ மூச்சிரைப்போடு வந்து, காத்திருப்புக் கூடத்துக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் பதியும் ஜன்னலில் இருந்த கிளாடிஸ் ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. சுரங்கக் கூண்டில் இறங்க முண்டியடிக்காமல் நின்று பழகிய மனிதர், யாரையும் கேட்கவும் இல்லை. ஜன்னலை மூடியதும் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். மறுபடி வந்தார், மறுபடியும் அதே கதை. கடைசியில் வீட்டிலேயே மூச்சு நின்றுபோனது. பலகையில் அன்றும் பச்சைதான்.

கல்லறையில், சுரங்கக்காரர் சாவில் எப்போதும் செய்வதுபோல, ஒருவர் கையை உயர்த்தி அவர் பெயரைக் கத்தினார். “இருக்கார்!” என்று அவருக்காகப் பதில் சொன்னது கூட்டம். காது கேளாதவர்களும் உயர்ந்த கையைப் பார்த்துக் கத்தினார்கள். நெல்டாவுக்கு மட்டும் வாய் வரவில்லை.

ஒனோஃப்ரேயின் மனைவி உபெர்லிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க மேல அவருக்கு ஒரு குறையும் இல்லம்மா. ‘பாவம், ஆஸ்பத்திரிப் பிள்ளைங்களுக்கு எவ்வளவு வேலை, என் முறை இன்னும் வரலே’ன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு.”

திட்டியிருந்தால் நெல்டா தாங்கியிருப்பாள். அதற்குப் பிறகு குழாயைத் திறந்தாலும் கெட்டில் கொதித்தாலும் அவர் பெயர் மூன்று முறை கேட்டது. சமையலறையில் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அப்பாவா, ஒனோஃப்ரேயா, தெரியாது. தொட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை. பயத்தைவிட வெட்கம்தான் அவளைத் தின்றது.

ஊழியர் கூட்டத்தில் விதியை மாற்ற வேண்டும் என்று எழுந்தாள். கூப்பிட்டவர் வராவிட்டால் பெஞ்சுக்கே போய்த் தோளைத் தொட வேண்டும். ஆள் அங்கே இருக்கும்வரை அவர் நேரமும் ஓட வேண்டும்.

“நெல்டா, சிவப்பு எரிஞ்சா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார் தலைமை மருத்துவர் இபார்ரா.

“சிவப்புன்னு சொல்லுங்க டாக்டர்.”

“அடியே, சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறியே!” என்றாள் கிளாடிஸ். “அந்தப் பணத்தை நம்பித்தான் என் கூரைக்குத் தகரமே சொல்லியிருக்கேன். யாரு ஓடி ஓடித் தொடுறது? நீ வருவியா?”

“வர்றேன்.”

கிளாடிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். “மூணு தடவையும் கூப்பிட்டது நான்தான்டி,” என்றாள். இபார்ரா பேனாவை எடுத்தார். விதி மாறியது.

திங்கட்கிழமையே பலகை சிவந்தது. நெல்டா பெஞ்சு பெஞ்சாகப் போனாள். தொட்ட தோள்கள் எல்லாம் திடுக்கிட்டுத் திரும்பின. காலையிலிருந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் அத்தனை பேரும், அவளுடைய பழைய கணக்கில் ‘வரவில்லை’ ஆனவர்கள். நிற்க இடமில்லாத கூட்டத்திலும் கணப்புக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது.

“அங்க ஏன் யாரும் உட்காரலே?” என்று அவள் கத்திக் கேட்டாள்.

பக்கத்திலிருந்த கிழவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சிரிக்கவில்லை.

“ஒனோஃப்ரே உட்கார்ந்திருக்கான்ல. எங்களையெல்லாம் தொட்டியே, அவனையும் தொடு. இன்னும் அவன் முறை வரல.”

நெல்டா குனிந்து, ஒரு தோள் இருக்க வேண்டிய உயரத்தில் கையை வைத்தாள். கணப்பின் சூடு உள்ளங்கையில் பட்டது. யாராவது திரும்புவார்களா என்று அப்படியே நின்றாள்.