சாயம் போன சேவல்

மேடவாக்கம் ரோட்டில் கூடையில் வைத்து விற்ற கலர் கோழிக்குஞ்சுகளில் ஒன்றை வாங்கி வந்தேன். பீட்ரூட் நிறத்தில் இருந்தது. "ரெண்டு நாள் தாங்காது," என்றார் கணவர். அதுவோ வளர்ந்து அவருடைய செருப்பின் மேலேயே உட்கார்ந்து தூங்க ஆரம்பித்துவிட்டது.

சிக்கல் மாடியிலிருந்து வந்தது. எங்கள் வீட்டுக்காரம்மா கோவிலம்பாக்கத்துப் பழைய குடும்பம். அவர்கள் வயலாக இருந்த இடத்தில்தான் இந்த வீடே நிற்கிறது. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் ஆடியில் அம்மனுக்குச் சேவல் அறுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். பேரன் பிறந்துவிட்டான்.

"உன் குஞ்சு சேவலா இருந்தா சொல்லும்மா. வூட்லயே கீது, வெளிய இன்னாத்துக்குத் தேடணும்?"

வாடகைக்கு இருப்பவள் முடியாது என்று எப்படிச் சொல்வது? ஆனால் அம்மனுக்கு நாட்டுச் சேவல்தான் ஆகும். பெட்டையானால் என் குஞ்சு தப்பிக்கும், பண்ணைக்கோழியானாலும் தப்பிக்கும். ஊரே நாட்டுக்கோழி, நாட்டுக்கோழி என்று அலைகையில், பண்ணைக்கோழிக்காகச் சாமி கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சிறுசேரிக்குப் போகிற ஆபீஸ் பஸ்ஸில் போனில் கொண்டைப் படங்களாகவே பார்த்தேன். பெட்டைக்கு இந்த வயதில் கொண்டை சிறிதாக, வெளிறி இருக்குமாம். எங்களுடையதற்குக் குங்குமமாய்ச் சிவந்து நிமிர்ந்து நின்றது. படம் போட்டவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலை அது கூவியே விட்டது. தொண்டை கட்டியவன் பாடுவதுபோல் இருந்தாலும் கூவல் கூவல்தானே. வீட்டுக்காரம்மா படியிறங்கி வந்து அதைத் தூக்கினார். உடம்பெல்லாம் வெள்ளை இறகு வந்திருந்தது. கழுத்தில் மட்டும் கொஞ்சம் செம்பழுப்பு.

"கழுத்து செவப்பு பாரு. நாட்டுச் சேவல்தான்."

"அது சாயம்மா! குஞ்சுல அடிச்ச சாயம்!" கத்திவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரம்மா முந்தானை நுனியைக் குழாயில் நனைத்து, கழுத்தை அழுத்தித் துடைத்தார். நுனி ரோஸ் கலரானது. காலைப் பிடித்துப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

"மஞ்சக் காலு. காதாண்ட வெள்ளையா கீது. பண்ணைச் சேவல்தான், போ," என்று சிரித்துவிட்டார்.

"விடிகாலைல கூவுமே, பரவாயில்லையாம்மா?" என்று கேட்டார் கணவர். இந்த மனுஷனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவே தெரியாது.

"அம்மனே வாணாம்னுட்டா. தொரத்தறதுக்கு நான் யாரு?"

ஆடியில் வேறொரு சேவல் போனது. மாடியிலிருந்து வந்த குழம்பை என்னால் தொட முடியவில்லை.

பேரன் இப்போது உட்காருகிறான். அழுகை நிற்காவிட்டால் வீட்டுக்காரம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே வருவார். சேவல் ஒரு கூவல் கூவினால் போதும், வாயைப் பிளந்து பார்த்துவிட்டுச் சிரிப்பான். அவனுக்காக அறுபட இருந்த சேவல் அது. அதை அவனிடம் நானும் சொல்லவில்லை, பாட்டியும் சொல்லவில்லை. அவனைக் கீழே விட்டதும் அதை நோக்கித்தான் தவழ்கிறான்.