அந்தரத்தில் நின்றவன்

என் மகனுக்குத் தள்ளுபடி என்றால் தூக்கம் வராது. கம்ப்யூட்டருக்குள்ளே ஏதோ கடை இருக்கிறதாம். அங்கே தீபாவளிக்கும் தள்ளுபடி உண்டு, வெளிநாட்டுப் பண்டிகைக்கும் உண்டு, ஒரு பண்டிகையும் இல்லாத வாரத்திலும் உண்டு. அப்படி வாங்கிப்போட்ட விளையாட்டுகளில் பாதியை அவன் திறந்துகூடப் பார்த்ததில்லை. அது போதாதென்று இப்போது மாதச் சந்தா வேறு கட்ட வேண்டுமாம். "வொர்த்தும்மா, அவ்ளோ கேம் தரான்" என்கிறான். நான் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்காரும் நேரமாகப் பார்த்துத்தான் கேட்பான். மறுத்துப் பேச எனக்குத் தெம்பு இருக்காது.

என் அப்பா இதையே வேறு மாதிரி சொல்வார். "கட்டுபடியாவுது" என்பார்.

அப்பா கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புகளுக்கு விளக்கு தூக்குகிற வேலையில் இருந்தார். வேலை வந்தால் ராத்திரி பகல் தெரியாமல் வரும், வராவிட்டால் வாரக்கணக்கில் வராது. வராத நாட்களில் கடை கடையாக ஏறி இறங்குவார். எந்தச் சோப்புக்கு எந்தக் கிண்ணம் இலவசம், எந்தக் கடையில் பழையதைக் கொடுத்தால் புதியது கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் வீட்டில் கிண்ணங்கள் நிறைய இருந்தன. அவற்றில் போட்டுச் சாப்பிட எப்போதும் ஏதாவது இருந்தது என்று சொல்ல முடியாது.

அம்மா தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை பார்த்தாள். அங்கே வேலை செய்யும் பெண்கள் உட்காரக் கூடாது. எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். அலமாரியில் லேசாகச் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் தொண்டையைச் செருமுவார். அம்மா இதைக் குறையாகச் சொன்னதில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, டிவியில் என்ன ஓடுகிறதோ அதைப் பார்ப்பாள். ஆடித் தள்ளுபடி தொடங்கினால் தீபாவளி முடிகிறவரை அவளுக்கு லீவே கிடையாது.

அந்த வருஷம் ஆடியில் அப்பா குக்கர் வாங்கிவரத்தான் தி.நகருக்குப் போனார். திரும்பும்போது கையில் டிவி கேம் இருந்தது. ஓடாத டேப் ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் மேலே போட்டு வாங்கினாராம். இந்த மாதிரி வாய்ப்பு இனிமேல் வராது என்று கடைக்காரரே சொன்னாராம். கூடவே கொடுத்த கேசட்டில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது விளையாட்டுகள் இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் ஏழுதான். அதே ஏழு, சட்டையின் நிறத்தை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தது. நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் அதிரவே இல்லை.

"ஒம்பதாயிரம் ஆட உனக்கு ஏது நேரம்? படிக்க வேணாமா?" என்றார்.

ஆனால் மனசுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரமே எங்கள் மயிலாப்பூரிலேயே லஸ் பக்கம் ஒரு கேசட் கடையைக் கண்டுபிடித்தார். சினிமா வீடியோ கேசட்டோடு கேம் கேசட்டும் வாடகைக்குக் கொடுக்கிற கடை. அங்கேயும் ஆடிச் சலுகை இருந்தது. தீபாவளி தாண்டி ஒரு வாரம்வரைக்கும் சேர்த்துச் சந்தா கட்டிவிட்டால், ஒரு நேரத்தில் ஒரு கேசட் எடுத்துக்கொள்ளலாம், தினமும் மாற்றிக்கொள்ளலாம். அப்பா கட்டிவிட்டார். என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

தினமும் மாற்றலாம் என்றால் தினமும் மாற்றியாக வேண்டும். அது அப்பாவின் கணக்கு. ஒரு நாள் மாற்றாமல் விட்டால் அது கடைக்காரனுக்கு லாபம். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் லஸ்ஸுக்கு நடந்தேன். கடையில் எப்போதும் பையன்கள் கூட்டமாக நிற்பார்கள். எனக்கோ தெரிந்தவர்களிடமே குரல் எழும்பாது. நான் கேசட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, கையில் அகப்பட்ட வேறொன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். கடைக்கார அண்ணன் ஒல்லியாக இருப்பார். வந்த கேசட்டின் வாயில் பூ என்று ஊதிப் பார்த்துவிட்டுத்தான் ஷெல்ஃபில் வைப்பார்.

"இன்னா பாப்பா, நேத்து எட்துகினு போனத அதுக்குள்ள முச்சிட்டியா? பெரிய ஆளுதான் நீ!" என்று ஒரு நாள் கேட்டார். பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். உண்மையில் ஒரு விளையாட்டையும் நான் முடித்ததில்லை. முதல் கட்டம் தாண்டிக் கை பழகுவதற்குள் அதைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிடும். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. அப்பாவுக்குச் சந்தா கட்டுபடியாகிக்கொண்டே இருந்தது. எனக்குக் கால்தான் வலித்தது.

ஐப்பசியில் அப்பா பொள்ளாச்சி பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போனார். அந்த நேரத்தில்தான் ஒரு கேசட்டில் அந்தக் குட்டி ஆள் என் கையில் கிடைத்தான். தலைப்பாகை கட்டிக்கொண்டு, முதுகில் மூட்டையோடு, பள்ளம் பள்ளமாகத் தாண்டி மலையேறிப் போகிறவன். மலை உச்சியில் ஒரு கோட்டை இருந்தது. அதற்குள் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அவனை விட மனம் வரவில்லை. அப்பா ஊரில் இல்லாததால் கேசட்டை மாற்றவும் இல்லை. ஒரு தடவை கடைக்கு எடுத்துக்கொண்டு போய், ஷெல்ஃபைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அதையே திருப்பி எடுத்து வந்தேன்.

"இன்னாம்மா, கொண்டாந்ததையே கொண்டு போற? கண்ணாலம் கட்டிக்கப் போறியா அவன?" என்றார் கடைக்கார அண்ணன்.

தீபாவளியும் போயிற்று. அப்பா திரும்பிவந்த அன்று ராத்திரியே நாட்காட்டியைப் பார்த்தார். சந்தா மறுநாளோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை, இப்போது சலுகை இல்லை என்றார். மறுநாள் கடை சாத்துவதற்குள் கேசட்டைக் கொடுத்துவிட வேண்டும், தாண்டினால் அபராதம், இத்தனை நாள் சேர்த்த ஆதாயம் அத்தனையும் அதிலேயே போய்விடும் என்றார்.

விடிவதற்குள் எழுந்து விளையாட உட்கார்ந்தேன். அன்றைக்கு என்று கை அப்படி வந்தது. மலை உச்சிக்கே ஏறிவிட்டேன். கடைசிக் கட்டம், கோட்டை வாசல் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே ஒரு உயிர்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா கத்தினார். திடுக்கிட்டு, ஆட்டத்தை நிறுத்திவைக்கிற பட்டனை அமுக்கினேன். ஒரு பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நடுவானில் நின்றுவிட்டான்.

இந்தக் காலத்து விளையாட்டு மாதிரி விட்ட இடத்தைச் சேமித்து வைக்கிற வசதி அதில் கிடையாது. பெட்டியை அணைத்தால் மறுபடி மலையடிவாரத்திலிருந்துதான். நான் அழ ஆரம்பித்தேன். அப்பா விளக்கு வேலை பார்க்கிறவர், கரண்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் சொன்னார்:

"எதையும் அணைக்காத. டிவியும் ஓடட்டும், கேபிள் ஒயரும் மாத்தாத. மிக்ஸி போடக் கூடாது, ஃபேன் போடக் கூடாது. வோல்டேஜ் ஒரு சொட்டு இறங்குனா போதும், ஆட்டம் மொதல்லேர்ந்து வந்துடும்."

சொல்லிவிட்டு அவர் கோடம்பாக்கம் புறப்பட்டுவிட்டார். வீட்டில் அம்மா இருந்தாள். ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் லீவு. மத்தியானம் கேபிளில் ஒரு பழைய படம் போடுகிறார்கள், பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்கப் போகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டிவியில் அசையாமல் நின்றவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அன்று முழுவதும் மழை. வகுப்பில் விளக்கு மினுக்கும்போதெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். மயிலாப்பூரில் கரண்டு போயிருக்குமோ, அம்மா மறந்துபோய் மிக்ஸியைப் போட்டிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். டீச்சர் நடத்திய பாடம் ஒன்றும் காதில் ஏறவில்லை. மணியடித்ததும் மழையிலேயே ஓடிவந்தேன்.

நாங்கள் குடியிருந்தது கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். கீழே வீட்டுக்காரர்கள், மாடியில் நாங்களும் இன்னொரு குடித்தனமும். வாசலிலேயே வீட்டுக்கார மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடிம்மா. உங்கம்மா இன்னிக்கு என்னை மோட்டாரே போட விடலை தெரியுமோ? மோட்டார் போட்டா லைட்டு டிம்மாறதாம், டிவில ஏதோ பொம்மை நின்னுண்டிருக்காம், அது போயிடுமாம்! சரி, தண்ணிக்கு என்ன பண்றதுன்னேன். அவளே அடிபம்புல அடிச்சு மூணு ஆத்துக்கும் ரொப்பிட்டா. என்ன வேண்டுதலோ!"

நான் முழுவதும் கேட்காமலே படியேறினேன். வழியில் பின்கட்டு ஆட்டுக்கல் கழுவிவிட்ட ஈரத்தோடு இருந்தது. மிக்ஸியில் அரைக்கிற இட்லி மாவை அம்மா அதில் ஆட்டியிருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது என் கண்ணில் வெறும் ஈரம்தான்.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அப்படியே நின்றான், தலைப்பாகையும் மூட்டையுமாக, காலடியில் ஒன்றும் இல்லாமல். அம்மா டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் எதையோ விசிறிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் கேம் பெட்டியின் அடாப்டர். தொட்டால் சுட்டது, அதற்குத்தான் காற்று. மின்விசிறி போடாததால் அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

"வந்துட்டியா? பாவம்டி, காலைலேர்ந்து அந்தரத்துலயே நிக்கிறான். கீழ எறக்கி வுடு மொதல்ல" என்றாள்.

நான் ஈர யூனிஃபார்மோடு உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கியதும் அவன் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தான். அம்மா "அப்பாடா" என்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு பாறை உருண்டது, குனிந்தான். ஒரு பாலம் இடிந்தது, தாவினான். கோட்டைக் கதவு திறந்தது. உள்ளே போனான்.

திரையில் இங்கிலீஷில் பெரிய எழுத்து வந்தது, கொஞ்சம் பாட்டு வந்தது. நான் எழுந்து குதித்தேன். எழுத்து மறைந்தது. மலையடிவாரம் வந்தது. முதல் பள்ளத்துக்கு முன்னால், மூட்டையோடு, அதே ஆள் தயாராக நின்றான்.

அம்மா இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, திரும்பவும் வந்துட்டான்?"

"அவ்ளோதாம்மா. முடிச்சா மறுபடி மொதல்லேர்ந்து வரும்."

"கோட்டைக்குள்ள போயிட்டானே?"

"போனா முடிஞ்சிச்சு. மறுபடி ஆரம்பிக்கணும். இன்னும் வேகமா வரும்."

"முடிச்சவன கொஞ்ச நேரம் ஒக்கார வெக்க மாட்டாங்களா?" என்றாள்.

நான் சிரித்தேன். பதில் சொல்ல நேரமில்லை. கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு குடையில்லாமல் ஓடினேன். கடைக்கார அண்ணன் வழக்கம்போல ஊதிப் பார்த்தார். முதல் தடவையாக அந்தப் பையன்களுக்கு நடுவில் எனக்குக் குரல் வந்தது. முடித்துவிட்டேன் என்றேன். காலையிலிருந்து டிவியை அணைக்காமல் அம்மா காவல் இருந்ததையும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"டிவிய ஆஃப் பண்ணிக்கினா இன்னா? இல்ல, ஒயர மாத்தி வேற படம் பாத்துக்கினா இன்னா? ஆட்டம் பொட்டிக்குள்ளல்ல கீது, டிவிலயா கீது? யாரு சொன்னா உங்களுக்கு?"

அது எனக்கு ஒரு புதுச் செய்தியாக, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய விஷயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்ததும் மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா மறுநாள் உடுத்த வேண்டிய கடை யூனிஃபார்ம் சேலையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்படி வைத்தால் இஸ்திரி போட்டது மாதிரி ஆகிவிடும். நான் சொன்னதைக் கேட்டு ஒரு நொடி கை நின்றது.

"அப்டியா? உங்கப்பாகிட்ட சொல்லாத. மூஞ்சி சுண்டிப் பூடும்" என்றாள். "அந்தப் படம் எங்க போவப் போவுது, இன்னொரு நாள் போடுவான்."

அப்பா வந்து, கேசட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்டார். கொடுத்தாயிற்று, முடித்தும் ஆயிற்று என்றேன். அவருக்கு அப்படி ஒரு திருப்தி. மூன்று மாதத்தில் ஒரு நாளும் வீணாகவில்லை, கடைசி நாளையும் விடவில்லை, கட்டின சந்தா கட்டுபடியாகிவிட்டது என்றார்.

அப்போதுதான் நான் அம்மா கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். முடிச்சவனை உட்கார வைக்க மாட்டாங்களான்னு கேக்கறாப்பா! அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அம்மாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும், அம்மாவுக்கு இந்த விளையாட்டு கொஞ்சமும் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே அன்று நான் தூங்கிப்போனேன்.