ஏரிக்கரை வீட்டுக் கேற்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

வவுனியா நெளுக்குளத்திலிருந்து மூன்று குடும்பமாக நுவரெலியாவுக்குப் போய்த் தங்க, ஏரிக்கரையில் ஒரு வீட்டைப் போனில் ஒழுங்குபண்ணினேன். எத்தனை பேர், சமைப்பீர்களா என்றெல்லாம் கேட்ட வீட்டுக்காரர் ஊரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சண்டைக் காலம்; வவுனியாவை விட்டு வெளியே போக ஆமியிடம் பாஸ் எடுக்க அலைந்து, வழியெல்லாம் சோதனைக்கு இறங்கி ஏறி, மழையில் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்காரர் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"வவுனியாவா? முதல்லயே சொல்லியிருக்கணும். பொலிஸ் கரைச்சல் எனக்கு வேணாம்."

அவரும் தமிழர்தான். அதுதான் கூட எரிகிறது.

"பாஸ் இருக்கு, பாருங்கோ" என்றேன். பார்க்கவில்லை.

"நான் பொறந்ததே இந்த மலையிலதான்யா" என்றார் என் அம்மா. வீட்டுக்காரர் வாசல் கேற்றைப் பூட்டினார். புதுச் சுவெட்டரோடு பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று அம்மாவின் சொந்தக்காரரின் தேயிலைத் தோட்ட லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள் கால் நீட்ட இடமில்லாமல் எல்லோரும் படுத்தோம்.

இப்போது எங்கே வீடு கேட்டாலும், வாடகையைக் கேட்க முன்னமே, "நாங்கள் வவுனியா ஆக்கள், வரலாமோ?" என்று கேட்கிறேன். சிலர் உடனே போனை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும். அது என் காதோடு போகட்டும். என் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே இனி ஒருவனும் கேற்றைப் பூட்டக் கூடாது.