லைன் சரியில்லாத காலம்

சென்ற வாரம் அலுவலகக் கூட்டம். வீட்டிலிருந்தபடியே கணினியின் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். ‘பட்ஜெட்’ என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. ப வரவில்லை. உதடு ஒட்டியபடி, கண் சுருங்கியபடி அப்படியே நின்றேன். மறுமுனையில் இருந்த ஆங்கிலப் பெண்மணி, “உங்கள் படம் ஃப்ரீஸ் ஆகிவிட்டது, வைஃபையைப் பாருங்கள்” என்றார், மிகுந்த அக்கறையோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வைஃபை நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் திக்கும், கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லிவிட்டு மேலே பேசினேன். இந்த ஒரு வாக்கியத்தை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லப் பழக எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்லலாம்.

திக்குவதை யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், கொன்னுவது என்போம். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயரும் கொன்னைதான். எல்லா எழுத்தும் தகராறு செய்யாது. எனக்கு வாய்த்த முதல் சத்துரு ப. லண்டனுக்கு வந்தால், அண்ணை வீடு வாங்கியிருந்த ஊரின் பெயர் பார்க்கிங். கிடைத்த வேலை பெற்றோல் நிலையத்தில். அங்கே ஒரு மைக் இருந்தது. யாராவது குழாயைப் பிடித்துக்கொண்டு முழித்தால் ‘பம்ப் ஃபைவ், ப்ளீஸ்’ என்று அதில் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட மாட்டேன். கடையை விட்டு வெளியே ஓடிப்போய்க் கையைக் காட்டுவேன். பெடியன் நல்ல சுறுசுறுப்பு என்று முதலாளி நினைத்துக்கொண்டார். ரயில் கவுண்டரில் பார்க்கிங் என்று கேட்க வாய் வராமல், அதையும் தாண்டிக் கடைசியில் இருக்கும் அப்மின்ஸ்டருக்கு டிக்கெட் எடுத்து நடுவில் இறங்கிப் போன காலமும் உண்டு. அந்த ஊரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இந்த லட்சணத்தில் அண்ணி எனக்குப் பெண் பார்த்தார். கொடிகாமத்துப் பெண், ஆசிரியை, பெயர் பவானி. பெயரைக் கேட்டதும் அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பெண் வீட்டாரிடம் திக்கலைப் பற்றிச் சொல்லிவிடுவோமா என்று நான் கேட்டதற்கு அண்ணி, “உதெல்லாம் கலியாணம் முடிஞ்சாத் தன்ர பாட்டில சரிவரும். நீர் ஒண்டும் சொல்லிக் குழப்பாதையும்” என்றார். அண்ணி சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

அப்போதெல்லாம் ஊருக்குப் பேசக் கோலிங் கார்ட் வாங்க வேண்டும். சுரண்டினால் நீளமாக ஓர் இலக்கம் வரும், அதை அடித்தால் கொடுத்த காசுக்கு இத்தனை நிமிடம் என்று பேசலாம். பவானி வீட்டில் தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தியில் இருந்த கொமினிகேசன் கடைக்கு வந்து, அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த போனில் என் கோலுக்காகக் காத்திருப்பாள். எங்கள் வீட்டுப் போன், படிக்கட்டுக்குக் கீழே, சமையலறையான குசினியின் வாசலில் இருந்தது. லைனைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கரகரக்கும், இரையும், என் குரலே எனக்குத் திரும்பி வரும், நடுவில் அறுந்துபோகும். லண்டனில் இருந்த தமிழர் எல்லோரும் அந்த லைனைச் சபித்தார்கள். நான் ஒருவன்தான் அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சொல் அடைத்துக்கொண்டால் பேசாமல் நிற்பேன். அவள், “ஹலோ, கேக்குதோ?” என்பாள். அடைப்பு விட்டதும், “லைன் சரியில்லை” என்பேன். ல எனக்கு எந்தக் காலத்திலும் கரைச்சல் தந்ததில்லை. “ஓம், இஞ்சையும் ஒரே இரைச்சல்” என்பாள் அவள். அவளுடைய பெயரை மட்டும் ஒரு தடவையும் சொல்லவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொள்வாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நாள் குறித்தார்கள். விசாவும் சரிவந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. ஹீத்ரோவில் வந்து இறங்கிய பிறகு எந்த லைனைக் குற்றம் சொல்வது? ஊரில் வேலையை விட்டுவிட்டு, எல்லோரிடமும் விடைபெற்று வந்தவள் என் வாயைப் பார்த்து முகம் மாறினால், அவளால் திரும்பிப் போகவும் முடியாது. முன்கூட்டியே சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாள். எனக்கோ அவளுடைய குரல் இல்லாமல் ஒரு ஞாயிறும் கழியாது என்ற நிலை. யாரிடமும் யோசனை கேட்கவும் பயம்.

பிறகு ஒரு ஞாயிறு, லைன் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவாக விழுந்தது. அவளுக்குப் பின்னால், தெருவில் பஸ்காரன் ‘யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம்’ என்று கூவுவதுகூடக் கேட்டது.

“இண்டைக்கு லைன் நல்லாக் கிடக்கு, என்ன?” என்றாள்.

“ஓம்” என்றேன். இன்றைக்கு இல்லாவிட்டால் இனி இல்லை என்று பட்டது. அவள் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவது என்றும் ஒரு வீம்பு. உதடு ஒட்டிக்கொண்டது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஹலோ என்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. இடையில், இன்னும் ஒரு நிமிடமே உள்ளது என்று கார்ட்காரி பதிவுக் குரலில், ஆங்கிலத்தில் அறிவித்தாள்.

“ப... பவானி, எனக்குக் கொ...” என்றேன். லைன் அறுந்தது. இந்தத் தடவை உண்மையாகவே.

வீட்டுச் செருப்போடு கடைக்கு ஓடினேன். புதுக் கார்ட் வாங்கி, வாசலிலேயே சுரண்டி, திரும்பி ஓடி வந்து அடித்தேன். அவள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். அங்கே கொமினிகேசன் கடைக்காரர் எடுத்தார். “பிள்ளை போகேல்லைத் தம்பி. நீங்கள் திரும்ப எடுப்பியளாம் எண்டு கூண்டை ஒருத்தருக்கும் விடாமல் நிக்குது.”

அவள் வந்தாள். “ம், சொல்லுங்கோ” என்றாள், நடுவில் ஒன்றுமே நடக்காததைப் போல.

“எனக்குக் கொ... கொன்னும்.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“லைன் அறுந்தா எல்லாச் சத்தமும் அறுமெல்லே. உங்கட குரல் நிண்ட பிறகும் வோஷிங் மெசின் ஓடிக்கொண்டு கிடக்கும்.” ஞாயிற்றுக்கிழமை அண்ணி குசினியில் உடுப்புத் தோய்க்கும் நாள், அந்த இரைச்சல் என்னவென்று அவள் முன்பு ஒரு தடவை கேட்டுமிருந்தாள். “சொல்ல விருப்பமில்லையாக்கும் எண்டு நானும் சேந்து லைனைத் திட்டினனான். எனக்கு அவசரமில்லை. ஆறுதலாக் கதையுங்கோ.”

நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஒருத்தியிடம் சொன்ன பிறகு மற்றவர்களிடம் சொல்வது அவ்வளவு பெரிய காரியமாகத் தெரியவில்லை. டொக்டரிடம் போனேன். அவர் பேச்சுப் பயிற்சி தரும் ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் தந்த வீட்டுப்பாடம் விசித்திரமானது. கம்பளக் கடைகளுக்குப் போன் எடுத்து, வேண்டுமென்றே நன்றாகத் திக்கி, எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்க வேண்டும். சிலர் போனை வைத்தார்கள். ஒருவர் பொறுமையாகக் கேட்டு, நேரத்தைச் சொல்லி, எனக்கு ஒரு கம்பளமும் விற்கப் பார்த்தார். வாங்கியிருப்பேன், படிக்கட்டுக்கு அளவு தெரியவில்லை. பிறகொரு நாள் ரயில் கவுண்டரில் நின்று, பின்னால் வரிசை நீள நீள, பார்க்கிங் என்ற பெயரை அது எடுத்த நேரத்தை எடுக்க விட்டுச் சொல்லி முடித்தேன். கவுண்டரில் இருந்தவர் டிக்கெட்டைத் தந்தார். குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை. பெற்றோல் நிலைய மைக்கிலும் கூப்பிட்டேன். ஐந்தாம் பம்பில் நின்றவன் திரும்பிப் பார்த்துக் குழாயை மாட்டினான், அவ்வளவுதான்.

இப்போது ரயிலில் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை, அட்டையைத் தொட்டுவிட்டுப் போகலாம். கோலிங் கார்டை என் பிள்ளைகள் கண்டதில்லை. கொமினிகேசன் கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்களாம். என் திக்கலும் பெரும்பாலும் போய்விட்டது, எப்போதாவது விருந்தாளி போல வந்து முகம் காட்டும். கோயில் கூட்டத்தில் நான் எழுந்தால், இவர் இப்போதைக்கு முடிக்க மாட்டார் என்று ஆட்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தான். பவானி மரக்கறி வெட்டிக்கொண்டு அரைக் காதால் கேட்பாள், நடுநடுவே ம் கொட்டுவாள், சில வேளை எழுந்தும் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நான் பேசுவது அப்படி.

ஆனாலும் அன்று கொடிகாமத்தில், அந்த வெக்கைக் கூண்டுக்குள், என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காக ஒருத்தி முழுக் காதையும் கொடுத்துக்கொண்டு நின்றாள். இப்போது அப்படி யாரும் எனக்காக நிற்பதில்லை. நிற்கும்படி நான் வைப்பதுமில்லை.