அம்மா வழியாக ஒரு பாதை

ஸ்வீடனின் மால்மோவில் இத்தனை வருடத்தில் அலுவலகத்தில் ஒருவர்கூட என் அப்பா பெயரைக் கேட்டதில்லை. அது மரியாதையாம். எனக்கென்னவோ அநாதைபோல இருந்தது. நம் பக்கத்தில் விடுவார்களா? தொண்ணூறுகளில் அக்கா வேலூரில் நர்சிங் படித்தபோது, லீவுக்கு அவளை அழைத்துவர நான் போவேன். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டுப் பெண்மணியிடம் “நீங்க எந்த சர்ச்சுங்க?” என்று ஆரம்பிப்பாள். பள்ளிகொண்டா வருவதற்குள் அந்த அம்மா எங்களுக்குச் சித்தி முறை ஆகியிருப்பார். ஆம்பூர் நெருங்கும்போது தோல் தொழிற்சாலைகளின் நெடி ஜன்னல் வழியே ஏறும். மூக்கைப் பொத்திக்கொண்டும் அக்கா பேச்சை நிறுத்தமாட்டாள். அந்த நெடிக்கு ஒருநாள் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு குளிர்காலம் அது; அந்த அக்காவோடு எட்டு வருடமாக எனக்குப் பேச்சில்லை. தன் நாத்தனாரை எனக்குக் கட்டிவைப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். புகுந்த வீட்டில் தலைகுனிந்தது அவள்தான். அப்போதும் ஆம்பூரிலிருந்து அதே பஸ்ஸில் வேலூருக்கு வேலைக்குப் போகிறாள் என்பதுகூட அம்மா சொல்லித்தான் தெரியும். அந்தக் குளிர்காலம் அம்மா மால்மோவில் என்னோடு இருந்தார். ஞாயிறுதோறும் அக்காவின் நம்பரைத் தட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே காதைத் தீட்டிக்கொள்வேன்.

அலுவலகத்தில் அப்போது ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைச் சர்வரில் ஓடவிடும் புது மோகம். அதோடு ஒரு கிராஃப் டேட்டாபேஸை இணைக்கும் வேலை, எனக்கும் சக ஊழியை இங்ரிட்டுக்கும். அதில் ஆட்கள் புள்ளிகள், உறவுகள் கோடுகள். ஜாவாஸ்கிரிப்டையும் அதையும் இணைக்க ஆயத்த நிரல் கிடைக்கவில்லை, நாங்களே எழுதினோம். சர்வர் கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்து நிற்காது, வேறு வேலை பார்க்கும். பதில் வந்தால் செய்ய வேண்டியதை முன்னரே எழுதி வைக்க வேண்டும். நானோ கேட்ட அடுத்த வரியிலேயே பதிலைத் தேடி, இரண்டு நாள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகச் சரியானதும், சோதித்துப் பார்க்க எங்கள் குடும்பத்தில் உயிரோடிருப்பவர்களை உள்ளிட்டேன். அதில் அப்பா இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் கோடு, கணவனுக்கும் மனைவிக்கும் கோடு. அக்காவுக்கும் எனக்கும் நேராகப் போட மட்டும் கை வரவில்லை.

என்னிடமிருந்து அக்காவுக்கு என்ன வழி என்று கேட்டோம். உடனே பதில் வந்தது: நான், அம்மா, அக்கா. “நடுவில் இருப்பவரை எடுத்துவிட்டுப் பார்ப்போமா?” என்று இங்ரிட் அம்மாவை நீக்கினாள். பாதை இல்லை என்றது திரை.

“அருமை! சரியாக வேலை செய்கிறது,” என்று கைதட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. எழுந்து வெளியே போய் அந்த நம்பரைத் தட்டினேன்.

“அக்கா... நான்தான்.”

“டேய், அம்மாவுக்கு இன்னா ஆச்சி?” என்று அலறினாள்.

“ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்காங்க. சும்மாதான் பண்ணேன்.”

“சும்மாவா? எட்டு வருஷம் கழிச்சி சும்மாவா?” அழுகிறாள் என்று தெரிந்தது. “பேஜார் பண்ணாத. வார்டுல இருக்கேன். அஞ்சு மணிக்கு பஸ் ஏறிடுவேன், அப்ப பண்ணு.”

திரும்பி வந்து அம்மாவை மறுபடி சேர்த்தேன். எனக்கும் அக்காவுக்கும் நேராக ஒரு கோடு போட்டேன். “சோதனைதான் முடிந்துவிட்டதே, இது எதற்கு?” என்றாள் இங்ரிட்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வேலூரில் மணி நாலரை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் டப்பாவைத் திறக்காமல், ஆம்பூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்.